கண்ணாடிக்கு மாலை, கொப்பரைக்கு அடி

வில்லியம் ஆடம்ஸ் என்பவர் 1870-களில் பம்பாய் ஹைகோர்ட்டின் டெபுடி ரிஜிஸ்ட்ரார். கேஸ் கட்டு, முத்திரைத்தாள், வாய்தா என்று ஓடவேண்டிய உத்தியோகம். அப்படிப்பட்ட மனிதருக்கு வெயிலில் தண்ணீர் கொதிக்கவைத்து எஞ்சின் ஓட்ட நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். வாய்தா என்ற ஏற்பாடே கோர்ட் உத்தியோகஸ்தர்கள் சொந்த வேலை பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்டது என்பது என் கட்சி.

அவருடைய ஜாகை கொலாபாவில். காம்பவுண்டுக்குள் சட்டம் கட்டி, சாதாரணத் தட்டைக் கண்ணாடிகளை அதில் மாட்ட ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் 17 அங்குலத்துக்கு 10 அங்குலம். எல்லாக் கண்ணாடியும் ஒரே இடத்தில் வெயிலைக் கொட்டவேண்டும். ஒன்றை மாட்டுவது, சூடு எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது, அடுத்ததை மாட்டுவது. இப்படியே போனதில் 72 கண்ணாடி இருந்தால் 1,200 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 650 டிகிரி செல்சியஸ் தேறும் என்று தெரிந்தது. 20 அடி தள்ளி ஒரு மரத்துண்டை வைத்தார். குப்பென்று பற்றிக்கொண்டது.

வேறு ஆளாக இருந்தால் அதோடு கைதட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஆடம்ஸ் மரத்துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாய்லரை வைத்தார். அதிலிருந்து வந்த ஆவியை இரண்டரைக் குதிரைச்சக்தி பம்பு ஒன்றுக்குக் கொடுத்தார். பம்பு பகல் நேரமெல்லாம், இரண்டு வாரம், ஒரு கைப்பிடி கரிகூட வாங்காமல் ஓடியது. ஊர்ப் பெரிய மனிதர்களும் பத்திரிகைக்காரர்களும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். 1878-ல் இதையெல்லாம் புத்தகமாகவும் போட்டார். வெப்பநாடுகளில் எரிபொருளுக்குப் பதில் சூரியச் சூடு என்பது அதன் தலைப்பின் சாரம்.

இதில் பெரிய சங்கதி ஒன்று ஒளிந்திருக்கிறது. அவருக்கு முன்னால் பிரான்ஸில் அகஸ்தின் மூஷோ என்ற கணக்கு வாத்தியார் இதே மாதிரி சூரிய எஞ்சின் செய்திருந்தார். அவருடையது பெரிய கூம்பு வடிவக் கண்ணாடி. பாய்லர் அதற்கு உள்ளேயே இருக்கும். சூரியன் நகர்ந்தால் மொத்தத்தையும் திருப்பவேண்டும். பெரிதாக்கப் பெரிதாக்க எடை ஏறும், காற்று தள்ளும், ஒரு நாள் கவிழும். ஆடம்ஸ் யோசித்தது வேறு தினுசு. பாய்லரே, நீ அசையாதே. கண்ணாடிகளே, நீங்கள் அசையுங்கள். கண்ணாடிச் சட்டம் அரைவட்டத் தண்டவாளத்தில் உருளும். ஒரு ஆள் அவ்வப்போது தள்ளிவிட்டால் போதும். இன்றைக்குப் பாலைவனங்களில் 200 மீட்டர் உயரத்தில் நிற்கிற சூரிய அனல் கோபுரங்களுக்கெல்லாம் மூலப்பத்திரம் இதுதான். பாய்லரைத் தூக்கி டவர் உச்சியில் வைத்தார்கள், ஆள் தள்ளியதை மோட்டார் தள்ளுகிறது, சட்டத்துக்கு ஹீலியோஸ்டாட் என்று பெயர் வைத்தார்கள். தள்ளிய ஆளின் பெயரை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. நாள் முழுக்கச் சூரியனுக்கும் பாய்லருக்கும் நடுவில் நின்றவர் அவர். அவர் என்ன சொல்லித் திட்டினார் என்பதும் வரலாற்றில் இல்லை.

இந்தக் கதையில் நம் லைனுக்கும் ஒரு பங்கு உண்டு. நம் லைன் என்றால் திருவள்ளூர் லைன். செவ்வாப்பேட்டை என்றதும் சேலத்துக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்; நான் சொல்வது வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவில் இருக்கிற செவ்வாப்பேட்டை ரோடு. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது இந்த வழியாகத்தான் போனது. அந்த எஞ்சின்கள் எதைத் தின்றன? விறகை. இங்கிலாந்துக் கரி கப்பலில் வரவேண்டும். வங்காளத்துக் கரி அதைவிடப் பெரிய சமாசாரம். ஆகவே காட்டை வெட்டி எஞ்சினுக்குப் போட்டார்கள். அதே 1856-ல் மதராஸ் மாகாணத்துக்குக் காட்டிலாகா அதிகாரியாக வந்த ஹியூ க்ளெக்ஹார்ன் ரயில்வே விறகைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார். ஒரு கையால் காட்டைக் காப்பாற்ற ஆபீசரைப் போட்டு, மறுகையால் காட்டைக் கொளுத்த ரயிலை விடுவது கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைவந்த கலை.

ஆடம்ஸ் கொலாபாவில் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் தெற்கே தாது வருஷப் பஞ்சம். மாடுகள் செத்து விழுந்தன, கவலை இறைக்க ஆளில்லை. வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லை. வெயிலில் ஓடும் பம்பு ஒன்றை அரசாங்கம் மூக்கின்மேல் விரல் வைத்துப் பார்த்தது. பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆடம்ஸ் ஒரு சூரிய அடுப்பும் செய்திருந்தார். எட்டுப் பட்டைக் கண்ணாடி, நடுவில் பாத்திரம். பம்பாய்க்குக் குளிர்மாதமான ஜனவரியில் ஏழு சிப்பாய்களுக்கான கறியும் காயும் இரண்டு மணி நேரத்தில் வெந்தன என்று அமெரிக்கப் பத்திரிகைக்கு எழுதினார். பட்டாளமும் ஏழு பேர் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சூரிய அனல் சரித்திரத்தை எழுதியவர்கள் எல்லாரும் கண்ணாடிக்கே மாலை போட்டார்கள். வெயிலை வாங்கிச் சூடாகிற கொப்பரையை, ரிசீவரை, யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த அநியாயம் ஆர்க்கிமிடீஸ் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. கிறிஸ்து பிறப்பதற்கு 212 வருஷம் முன்பு சிராக்யூஸ் நகரை முற்றுகையிட்ட ரோமானியக் கப்பல்களை அவர் கண்ணாடி வைத்துக் கொளுத்தினார் என்று கதை. அந்த யுத்தத்தை விஸ்தாரமாக எழுதிய பொலிபியஸ், லிவி, புளூட்டார்க் மூன்று பேரும் கண்ணாடியைப் பற்றி மூச்சு விடவில்லை. பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களுக்குத்தான் அது ஞாபகம் வந்தது. ஆனாலும் ஆசை விடுமா? 1747-ல் பாரிஸில் பூஃபான் பிரபு 168 கண்ணாடி வைத்து தூரத்து மரத்தைப் பற்றவைத்தார். 2005-ல் எம்ஐடி மாணவர்கள் 127 கண்ணாடி வைத்து, அசையாமல் நிற்கிற போலிக் கப்பலைக் கொளுத்தினார்கள். நிஜப் படகை எதிரில் விட்டுப் பார்த்தபோது கருகிக் கொஞ்சம் தீ எட்டிப் பார்த்ததோடு சரி. இவர்கள் எல்லாருக்கும் கொளுத்துவது சுலபமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கப்பல் எரிந்தால் போதும். கப்பல் எத்தனை சூட்டைத் திருப்பி வெளியே விட்டது என்று எந்தத் தளபதியும் கேட்கமாட்டான்.

மின்சாரம் எடுக்கிறவன் கேட்பான். அடுப்படியில் கரிபிடித்த சட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். கறுப்பாக இருப்பதால் வெயிலை நன்றாகக் குடிக்கிறது. பளபளவென்று தேய்த்து வைத்த பாத்திரம் பாதியைத் திருப்பி அடித்துவிடும். இது ரிசீவரின் முதல் பாடம். இரண்டாவது பாடம் கசப்பானது. சூடான பொருள் எதுவும் சும்மா இருக்காது, தன் சூட்டைக் கதிராக வீசும். எவ்வளவு வீசும் என்பதை யோசெஃப் ஸ்டெஃபான் என்ற ஆஸ்திரியக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரண்டு மடங்கானால் வீச்சு பதினாறு மடங்கு. இந்த விதி வந்தது 1879-ல். ஆடம்ஸின் புத்தகம் 1878. தன் பாய்லர் வாங்கியதில் எத்தனை பங்கைக் கொலாபா வானத்துக்கே தானம் செய்தது என்று தெரிந்துகொள்ள அந்த டெபுடி ரிஜிஸ்ட்ரார் ஒரு வருஷம் வாய்தா வாங்கியிருக்கவேண்டும்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், பயப்படாதீர்கள். கன்னங்கரேலென்ற ஒரு சதுர மீட்டர் பரப்பு 600 டிகிரி செல்சியஸில் இருந்தால் சுமார் 33 கிலோவாட் வெளியே வீசும். ஆயிரம் டிகிரிக்கு ஏற்றினால் சுமார் 149 கிலோவாட். சூடு ஏற ஏற டர்பைனுக்குக் கொண்டாட்டம், ரிசீவருக்குத் திண்டாட்டம். இதற்கு மேல் காற்று வந்து கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகும். இத்தனைக்கும் நடுவில் குழாயின் முன்பக்கம் நெருப்பில், முதுகு நிழலில். ஒரு பக்கம் மட்டும் நீண்டு வளையப் பார்க்கும். மேகம் ஒன்று குறுக்கே போனால் சட்டென்று குளிரும், விலகினால் திரும்பவும் கொதிக்கும். தினம் இப்படி அடி வாங்கினால் எந்த வெல்டிங்தான் தாங்கும்? கண்ணாடியின் வேலை இதற்குப் பக்கத்தில் வராது. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும். நம் ஊரில் அதற்குப் பதவியே கிடைக்கும்.

மூஷோவின் கதை சீக்கிரம் முடியும். 1878 பாரிஸ் கண்காட்சியில் சூரியனை வைத்து ஐஸ்கட்டி செய்து காட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். வெயிலில் ஐஸ் செய்வது என்பது பிரெஞ்சுக்காரர்களுக்குத்தான் தோன்றும். அவருடைய உதவியாளர் ஆபெல் பிஃப்ர் 1882-ல் சூரிய எஞ்சினால் அச்சு இயந்திரம் ஓட்டி, சூரியன் பெயரிலேயே ஒரு பத்திரிகையை அச்சிட்டார். கரி மலிந்தது. அரசாங்கம் கையை விரித்தது. மூஷோ வறுமையில் செத்தார். ஆடம்ஸும் தன் செய்முறையோடு நிறுத்திக்கொண்டார், வியாபாரத்தில் இறங்கவில்லை. இந்தப் பக்கம் செவ்வாப்பேட்டை வழியாக ரயில் போய்க்கொண்டேதான் இருந்தது.

கொப்பரையை முதன்முதலில் மரியாதையாக நடத்தியவர் ஒரு இத்தாலியர். ஜெனோவாவில் இருந்தவர், கணிதம் படித்தவர், ஜொவானி ஃப்ரான்சியா. 1960-களின் நடுவில் ஊருக்குப் பக்கத்தில் சாந்த் இலாரியோ என்ற இடத்தில், உயரே பாய்லரைத் தொங்கவிட்டுக் கீழே கண்ணாடிகளைப் பரப்பினார். ஆடம்ஸ் செய்ததுதானே என்பீர்கள். ஃப்ரான்சியா யோசித்தது இன்னொன்று. பாய்லருக்கு முன்னால் தேன்கூடு மாதிரி அறை அறையாக ஒரு அமைப்பை வைத்தார். வெயில் நேராக வருவதால் அறைக்குள் புகுந்து உள்ளே போய்விடும். பாய்லர் வீசுகிற சூடு நாலா திசையிலும் சாய்ந்து வருவதால் அறைச் சுவரில் முட்டி மாட்டிக்கொள்ளும். உள்ளே போவதற்கு வழி, வெளியே வருவதற்கு வழியில்லை. தாசில்தார் ஆபீஸில் மனு போடுகிற தத்துவம்தான். 500 டிகிரி அளவுக்கு ஆவி வந்தது.

பிறகு 1973. அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கிப் பிடித்தன. அதுவரை சூரியனைத் திரும்பிப் பார்க்காத தேசமெல்லாம் ஓடிவந்து நமஸ்காரம் செய்தன. 1980-களின் தொடக்கத்தில் ஒரு டவர் திருவிழாவே நடந்தது. சிசிலியில் ஒன்று, ஜப்பானில் ஒன்று, பிரான்ஸில் தெமிஸ், ஸ்பெயினில் அல்மெரியாவில் இரண்டு, அமெரிக்காவில் மொஹாவே பாலைவனத்தில் சோலார் ஒன். ஒவ்வொருவரும் கொப்பரைக்குள் என்ன ஊற்றுவது என்று தனித்தனியாகச் சமைத்துப் பார்த்தார்கள்.

அல்மெரியாவில் ஒரு கோஷ்டி திரவ சோடியம் ஊற்றியது. சோடியம் சூட்டை ஏற்பதில் கெட்டிக்காரன். காற்றும் தண்ணீரும்தான் அதற்கு ஆகாது. 1986 ஆகஸ்டில் வால்வு ஒன்றைப் பழுதுபார்க்கும்போது சோடியம் வெளியே வந்து எரிந்தது. அந்தப் பரிசோதனை அத்துடன் கோவிந்தா. பிரான்ஸ் தெமிஸை அதே 1986-ல் மூடியது. எண்ணெய் விலை இறங்கிவிட்டது, அணுசக்தி வேறு வீட்டிலேயே இருந்தது.

சோலார் ஒன் பத்து மெகாவாட். 1982-லிருந்து 1988 வரை ஓடியது. சுற்றிலும் 1,818 ஹீலியோஸ்டாட். உச்சியில் 24 குழாய்ப் பலகைகளை வட்டமாகக் கட்டிய ரிசீவர். குழாய்க்குள் தண்ணீர் போய் ஆவியாக வரும். மேகம் வந்தால் ஆவி போச்சு, ஆவி போனால் டர்பைன் போச்சு. குழாய்களில் கீறல் விட்டுக் கசிந்தது. பைரோமார்க் என்ற கறுப்பு பெயின்ட்டுக்கு 95 சதத்துக்கு மேல் வெயிலைக் குடிக்கிற யோக்கியதை உண்டு. பாலைவனத்தில் சில வருஷம் நின்றபின் அதுவும் வெளுத்தது. 1985-ல் திரும்ப அடித்தார்கள். கோடிக்கணக்கான டாலர் திட்டத்தின் சாமர்த்தியம் ஒரு பெயின்ட்டரின் கையில் இருந்ததை நினைத்தால் எனக்கு என்னவோ திருப்தியாக இருக்கிறது.

அப்புறம் அமெரிக்கர்களுக்கு ஞானம் பிறந்து, தண்ணீரை எடுத்துவிட்டு வெடியுப்பை ஊற்றினார்கள். விளையாட்டில்லை. பொட்டாசியம் நைட்ரேட் நாற்பது பங்கு, சோடியம் நைட்ரேட் அறுபது பங்கு. சிவகாசியில் இதைக் கேட்டால் வேறு மாதிரிச் சிரிப்பார்கள். உருக்கினால் தண்ணீர் மாதிரி ஓடும். 290 டிகிரியில் மேலே போய் 565 டிகிரியில் இறங்கும். பெரிய தொட்டியில் ஊற்றிவைத்து ராத்திரிக்கும் ஆவி எடுக்கலாம். சோலார் டூ என்று பெயர் மாற்றி 1996-லிருந்து 1999 வரை ஓட்டினார்கள். காற்று குறைந்த நாளில் ரிசீவரின் திறன் 88 சதம் என்று அளந்தார்கள். நூறு ரூபாய் வெயிலில் பன்னிரண்டு ரூபாய்தான் கமிஷன். அரசாங்க வேலையில் இது கின்னஸ் சாதனை. உப்புக்கு ஒரே ஒரு முரண்டு: சுமார் 220 டிகிரிக்குக் கீழே போனால் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். அதற்காகக் குழாய் நெடுக மின்கம்பி சுற்றிச் சூடுகாட்டிக்கொண்டே இருக்கவேண்டும். மின்சாரம் செய்கிற நிலையம் உப்புக்கு ஒத்தடம் கொடுக்க மின்சாரம் வாங்கும்.

ஸ்பானியர்கள் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்கள். செவில் பக்கத்தில் 2011-ல் வந்த ஜெமாசோலார் 15 மணி நேரச் சூட்டைத் தொட்டியில் வைத்திருக்கும். 2013-ல் ஒரு தரம் 36 நாள் இரவு பகல் நிற்காமல் ஓடியது. அமெரிக்கர்கள் மட்டும் கற்றதை மறந்துவிட்டு 2014-ல் ஐவன்பா என்ற இடத்தில் திரும்பவும் தண்ணீரையே ஊற்றினார்கள். மூன்று டவர், 1,73,500 ஹீலியோஸ்டாட். காலையில் கொப்பரையைச் சூடாக்க இயற்கை எரிவாயு. 2016 மே மாதம் கொஞ்சம் கண்ணாடிகள் குறி தவறி, ரிசீவரை விட்டுவிட்டு டவரையே சுட்டுவிட்டன. கேபிள்கள் எரிந்தன. ஆர்க்கிமிடீஸுக்கு இரண்டாயிரம் வருஷமாகக் கிடைக்காத சாட்சி இப்படிக் கிடைத்தது. என்ன, எதிரிக் கப்பலுக்குப் பதில் சொந்த வீடு.

நெவாடாவில் 2015-ல் வந்த கிரெசன்ட் டியூன்ஸ் உப்பு டவர். கொப்பரை மேலே சமர்த்தாக இருந்தது. கீழே உப்புத் தொட்டி ஒழுகியது. மாதக்கணக்கில் மூடினார்கள். 2020-ல் கம்பெனி திவால்.

நம் நாட்டுக் கதைக்கு அதிகம் பக்கம் தேவையில்லை. ராஜஸ்தானில் பிகானேர் பக்கம் ஏக்மி கம்பெனி, அமெரிக்க ஈசோலார் தொழில்நுட்பத்தில் 2011-ல் ஒரு டவர் வைத்தது. இரண்டரை மெகாவாட், 14,280 குட்டிக் கண்ணாடிகள். ஆடம்ஸின் இரண்டரைக் குதிரைச்சக்தியிலிருந்து இரண்டரை மெகாவாட்டுக்கு வர நமக்கு 133 வருஷம் ஆனது. பத்து மெகாவாட்டாக வளர்ப்பதாகப் பேச்சு. வளரவில்லை. 2010-ல் வந்த நேரு தேசிய சூரிய இயக்கம் 470 மெகாவாட் சூரிய அனலுக்குக் கம்பெனிகளைப் பொறுக்கியது. ஏழு திட்டம். எழுந்து நின்றவை மூன்று: கோதாவரியின் 50, ரிலையன்ஸின் 100, அனந்தபூரில் மேகாவின் 50. மூன்றிலும் டவர் கிடையாது. நீளக் கண்ணாடியும் நீளக் குழாயும்தான்.

அதற்குள் சீனாக்காரன் சோலார் பேனலைக் கொண்டுவந்து குவித்துவிட்டான். சூரிய இயக்கத்தின் முதல் ஏலத்தில் பேனல், அனல் இரண்டு தரப்பும் யூனிட் பத்து ரூபாய்க்கு மேல் கேட்டுக்கொண்டு சமமாகத்தான் நின்றார்கள். 2020 டிசம்பரில் குஜராத்தில் பேனல் மின்சாரம் யூனிட் 1 ரூபாய் 99 பைசாவுக்கு வந்தது. கண்ணாடி, மோட்டார், டவர், குழாய், உப்பு, பம்பு, டர்பைன் என்று கல்யாண மண்டபச் செலவு வைத்திருப்பவன், ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றுகிறவனோடு எப்படிப் போட்டி போடமுடியும்? நம் ராமநாதபுரத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் பேனல்கள் படுத்த நிலையில் வேலைக்கு வந்தன.

சமைப்பதில் மட்டும் ஆடம்ஸ் ஜெயித்தார். நம் ரேணிகுண்டா லைனில் போனால் வருகிற திருமலையில் 2000-களின் தொடக்கத்தில் ஷெஃப்லர் என்ற வகைக் குழிவான கண்ணாடித் தட்டுகள் 106-ஐ நிறுத்தி, 15,000 பேர் சாப்பாட்டுக்கு ஆவி எடுக்க ஏற்பாடு செய்தார்கள். ராஜஸ்தான் ஆபு ரோடில் பிரம்ம குமாரிகள் 770 பெரிய தட்டுகளை வைத்து ஒரு மெகாவாட் நிலையமே கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எதிரில் குழிவான வார்ப்பிரும்புக் கட்டி ஒன்று ரிசீவராக நிற்கிறது. இரும்பே சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு ராத்திரி திருப்பித் தரும். உப்பு இல்லை, ஒத்தடம் இல்லை. மொத்த சரித்திரத்திலும் எனக்குப் பிடித்த கொப்பரை இதுதான். சொல்லிவைத்த வேலையைச் செய்கிறது, பேட்டி கொடுப்பதில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 2012-ல் இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஒரு கூட்டு ஆராய்ச்சி ஆரம்பித்தன. இந்தப் பக்கம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அந்தப் பக்கம் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம். சூரிய அனல் பகுதியை சாண்டியா ஆய்வகம் எடுத்துக்கொண்டது. கிராமத்துக்கு ஏற்ற சின்ன டவர், ஒரு மெகாவாட்டோ அதற்கும் கீழோ, முடியுமா என்று பார்த்தார்கள். சாண்டியாவில் கிளிஃப் ஹோ என்ற பொறியாளரும் சகாக்களும் 2017-ல் காட்டிய ரிசீவர் விசித்திரமானது. வழக்கமான ரிசீவரில் குழாய்கள் வரிசையாகப் பலகை மாதிரி நிற்கும். படுகிற ஒளியில் எண்பது முதல் தொண்ணூறு சதம் வரை உள்ளே போகும், மிச்சம் தெறித்து ஆகாயத்துக்குப் போய்விடும். இவர்கள் குழாய்ப் பலகைகளை ஜன்னல் ஷட்டர்க் கட்டைகளாகச் சாய்த்து அடுக்கினார்கள். பெரிய மடிப்பு, அதற்குள் சின்ன மடிப்பு. ஒரு பலகையில் பட்டுத் தெறித்தது அடுத்த பலகையில் போய் மாட்டும். சூடாகி வீசுவதும் பாதி வழியில் இன்னொரு பலகைக்கே வரவு. வழக்கமானதைவிட 20 சதம் வரை கூடுதலாக ஒளியைப் பிடிக்கிறது என்றார்கள். ஒரு மாதிரியை நிக்கல் கலப்பு உலோகத்தில் முப்பரிமாண அச்சில் வார்த்தும் பார்த்தார்கள்.

கவனித்தீர்களா? ஃப்ரான்சியாவின் தேன்கூடு திரும்பி வந்துவிட்டது. தட்டையாக நின்று அடி வாங்காதே, மடிந்து நில் என்பதுதான் இரண்டுக்கும் உபதேசம்.

சாண்டியாக்காரர்கள் அதோடு விடவில்லை. குழாயே வேண்டாம் என்று வேறொரு பக்கம் கிளம்பினார்கள். டவர் உச்சியிலிருந்து மணல்மணலான பீங்கான் துகள்களைத் திரையாகக் கொட்டுவது. கொட்டும்போதே அதன்மேல் வெயிலை அடிப்பது. 700 டிகிரிக்கு மேல் சூடான துகளைத் தொட்டியில் பிடிப்பது. கீறல் விடக் குழாய் இல்லை, உறைய உப்பு இல்லை. 2021-ல் அமெரிக்க அரசு இந்த முறைக்கு இரண்டரைக் கோடி டாலர் கொடுத்தது. கொசஸ்தலை ஆற்றுப் பக்கத்தில் இந்த ஐடியாவைச் சொல்லிவிடாதீர்கள். டவர் எழும்புகிறதோ இல்லையோ, ராத்திரியோடு ராத்திரியாக லாரி வந்துவிடும்.

செவ்வாப்பேட்டையிலேயே ஒரு டவர் வைத்தால் என்ன என்று ஒவ்வொரு கத்திரியிலும் யாராவது கேட்கிறார்கள். மே மாதம் பிளாட்பாரத்தில் நின்றால் மண்டை பிளக்கிறது, இதைவிடவா மொஹாவே என்கிறார்கள். மண்டை பிளப்பது வேறு, கண்ணாடிக்கு உதவுவது வேறு. கண்ணாடியால் குவிக்க முடிவது சூரியனிடமிருந்து நேர்க்கோட்டில் வருகிற கதிரை மட்டும். நம் பக்கம் கடலிலிருந்து ஈரம், அத்திப்பட்டு அனல் நிலையங்களிலிருந்து புகை, கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலிருந்து மேலும் கொஞ்சம் புகை. கதிர் இவற்றில் பட்டுச் சிதறி வானம் முழுக்க வெள்ளையாகப் பரவிவிடுகிறது. சிதறிய வெளிச்சம் வியர்வை வரவழைக்கும், துணி காயவைக்கும், மாடியில் இருக்கிற பேனலுக்கும் உதவும். எத்தனை ஆயிரம் கண்ணாடி வைத்தாலும் கொப்பரைக்குப் போய்ச் சேராது. அதனால்தான் டவர்களெல்லாம் பாலைவனமாகப் பார்த்து நிற்கின்றன. சீனாவில் துன்ஹுவாங், மொராக்கோவில் வார்சாசாட், துபாயில் 260 மீட்டரைத் தாண்டிய ஒன்று.

ஆகவே என் தீர்ப்பு இது. செவ்வாப்பேட்டையில் இருப்பவர்கள் பேசாமல் மாடியில் பேனல் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. டவர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஜெய்சல்மேருக்கு டிக்கெட் எடுங்கள். அங்கே போய்க் கண்ணாடிக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் கொப்பரைக்கு நல்ல குழாய் வளைக்கிற ஆள் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருச்சியில் பாய்லர் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காக்களூர் எஸ்டேட்டில் வெல்டிங் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மதியம் சாப்பாட்டு நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் வரலாம்.